தொகுதி எண் 14

மாம்பழக் கூழ் ஆலையில் எனக்கு வேலை
இனிப்பை அளப்பது.
கண்ணாடியில் ஒரு சொட்டு,
வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கண்,
ஓர் எண்.
பதினைந்து என்றால் போகலாம்.
பன்னிரண்டு என்றால் லாரியை நிறுத்து.

என் எண்ணை ஓசூரில் சொன்னார்கள்.
பூஜ்ஜியம் புள்ளி ஒன்பது.
இரண்டு சூலகத்திலும் சாக்லேட் கட்டி.
யார் வைத்த பெயர் என்று கேட்டேன்.
நிறத்துக்காக, என்றார் டாக்டர்,
பழைய ரத்தம் அப்படித்தான் இருக்கும்.

பதினான்கு வருடம்
எல்லாருக்கும் வர்றதுதானே என்றார்கள்.
கல்யாணமானா சரியாப் போயிடும் என்றாள் அம்மா,
ஏதோ கல்யாணம்
மருந்துக் கடையில் கிடைப்பதுபோல.
நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
சொட்டுச் சொட்டாக இனிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

கட்டியை அறுத்தெடுக்கும்போது
முட்டைகளும் கொஞ்சம் போகும்.
முன்னாலேயே எடுத்து
உறைய வைத்துவிடலாம்.
பிள்ளை என்று உறுதி தர முடியாது,
வாய்ப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.
இதைச் சொன்னபோது அவர்
என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.
அதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.

கணவர் பெயர்: ஒரு கோடு.
நீங்கள் இறந்தால் இவற்றை என்ன செய்வது:
அந்தக் கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.

ஸ்கூட்டிக்கென்று கட்டிய சீட்டை எடுத்தேன்.
ஆகையால் இன்னமும் டவுன் பஸ்தான்.

ஊசிகள் குளிரில் இருக்க வேண்டும்.
வீட்டு ஃபிரிட்ஜை அம்மா
மாவுக்கும் மோருக்குமாக இருபது தடவை திறப்பாள்.
ஆய்வகத்து ஃபிரிட்ஜில், மாதிரிப் புட்டிகளுக்குப் பின்னால்
ஒரு டப்பா வைத்து லேபிள் ஒட்டினேன்:
பெங்களூரா. தொகுதி எண் 14.
மாலை ஆறரைக்குக் கழிவறையில்
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி.
வெளியே சீசன் உச்சத்தில் இருந்தது,
டிராக்டர்கள் வரிசை தார்ரோடு வரைக்கும்.

நாலாம் நாள் லேபிளில்
வேறொரு கையெழுத்து:
'யாரும் தொடக்கூடாது.'
முனிரத்னா. ஒன்றும் கேட்கவில்லை.
பதிமூன்று தொகுதிதானே இந்த வாரம் என்று
மேனேஜர் புருவம் தூக்கியபோது
மறுபரிசோதனை சார் என்றாள்,
சாதம் பிசைந்துகொண்டே.

மயக்கம் தெளிந்தால் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றார்கள்.
அவள்தான் வந்தாள்.
உறவு என்ற கட்டத்தில்
'லேப்' என்று எழுதிக் கொடுத்தாள்.

எடுத்தது ஏழு. முதிர்ந்தது ஐந்து.

ஐந்தும் இப்போது
சுழியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறில்.
எங்கள் குளிர்க்கிடங்கோ
பதினெட்டிலேயே பல் கிட்டும்.
மாம்பழத்தோடு ஒப்பிடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மாம்பழம் வாங்க ஆள் இருக்கிறது.
இவற்றுக்கு
நானே வருவேனா தெரியாது.
வராமலும் போகலாம்.
அதுவும் என் இஷ்டம் என்று இருப்பது
எவ்வளவு புதிதாக இருக்கிறது.

சூளகிரி தாண்டும்போது வயிறு இழுத்தது.
கல் ஏற்றிய லாரி ஒன்று
எங்கள் பஸ்ஸுக்கு வழிவிடவே இல்லை.
முனிரத்னா ஜன்னலை ஏற்றிவிட்டு
வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு
எத்தனை நாள் லீவு எழுதப்போறே என்றாள்.

காரணம்? என்றேன்.

வலி-ன்னு எழுது, என்றாள்.
அதை இதுவரைக்கும் எழுதினதே இல்லையே நீ.