எந்தச் சிவப்பு

டொராண்டோவிலிருந்து நாத்தனார்
ஒரே ராத்திரியில் நாற்பத்திரண்டு படங்கள் அனுப்பினாள்.
எல்லாவற்றிலும் மரம் பற்றி எரிந்தது.
எல்லாவற்றிலும் அவள் நின்றாள்,
கறுப்புக் கோட்டு, கையில் காப்பிக் குவளை,
காலடியில் தணல்.

மறுநாளே இவர் அம்மாபேட்டைக்குப் போய்
கல்யாண ஸ்டுடியோவை மூடிவிட்ட ஒருவரிடம்
பதினெட்டாயிரத்துக்குக் கேமரா வாங்கிவந்தார்.
பையின் மூலையில் இன்னும்
யாரோ ஒருவர் வரவேற்பின் ஜிகினாத் துகள்.

நமக்கும்தான் மலை இருக்கிறது, என்றார்.
உண்மைதான்.
சூரமங்கலத்து மொட்டைமாடியில்
துணி காயப்போடும் கொடிக்கு மேலே
சேர்வராயன் தினமும் தெரிகிறது.
நான்தான் ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கரண்ட் பில்லின் பின்பக்கம் திட்டம் எழுதினோம்.
ஐப்பசி: மழை, பாதையில் மண் சரியும்.
கார்த்திகை: நிகிலாவுக்கு ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு.
மார்கழி: தம்பி செங்கோடனுக்கு இரும்பாலையில் நைட் ஷிப்ட்,
அவன் இல்லாமல் வண்டி யார் ஓட்டுவது?
தை: இவர் பெரியப்பா மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா.
அடித்து அடித்து எழுதியதில்
கட்டவேண்டிய தேதி மறந்தே போய்
ஒருநாள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிப் போனார்கள்.
அபராதத்தோடு கட்டினேன்.

நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் சேவியரை
ஸ்பீக்கரில் போட்டு இவர் கேட்டார்:
அங்க இலை எப்ப சிவக்கும்?
மிளகு காயும் தார்ப்பாயை யாரோ இழுக்கும் சத்தம்.
அப்புறம் சேவியர்:
"எந்தச் சிவப்பு சார்?
உதிர்றது இங்க வெறும் பழுப்பு. சருகு. படத்துக்கு ஆவாது.
மாசியில வாங்க. பூவத்தி தளிர் விடும்,
ரத்தமாட்டம்.
பத்து நாள்தான். அப்புறம் பச்சையாயிரும்,
எல்லா மரத்தோட மரமா."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"அப்ப அத்தை அனுப்பினது கிழடு,
நம்மளுது கைக்குழந்தையா?" என்றாள் நிகிலா.
கம்ப்யூட்டரில் 'இலையுதிர்' என்று
முன்கூட்டியே திறந்துவைத்த ஃபோல்டரின் பெயரை
இவர் அழித்தார்.
வேறு பெயர் இன்னும் வைக்கவில்லை.

மாசி இரண்டாம் ஞாயிறு. காலை ஐந்து மணி.
கூட்டம் கிளம்புமுன்
கொண்டை ஊசி இருபதும் ஏறிவிட வேண்டும்.
எலுமிச்சை ஆறு, தம்பி மனைவிக்கு,
பதினோராவது வளைவில் அவளுக்குக் கட்டாயம் குமட்டும்.
பேட்டரி இரண்டு. முக்காலி.
குரங்குக்குத் தெரியாத நிறத்தில் பை.

யார் எங்கே நிற்பது என்று
சாப்பாட்டு மேசைமேல் டப்பாக்களை நகர்த்திக் காட்டினார்.
நான் உப்பு.
"நீ மட்டும் அந்தச் சேலையைக் கட்டிக்காதே.
இலை நிறம். அதுக்குள்ள கரைஞ்சு போயிருவே.
நீலம் கட்டு, எடுப்பாத் தெரியும்."

இளம்பிள்ளையில் எடுத்தது அந்தச் சேலை.
கடைக்காரர் தரையில் விரித்து
மாந்தளிர், என்றார், ஒரே ஒரு சொல்.
நான் விலை பேசிக்கொண்டிருந்தேன்,
காதில் விழுந்ததை மனசில் வாங்கவில்லை.

இருபத்தோரு வருஷமாய் எல்லாப் படத்திலும்
எடுப்பாகத்தான் தெரிகிறேன்.
தட்டு ஏந்தி, பிள்ளை ஏந்தி,
வயிற்றை உள்ளே இழுத்து,
கண்ணைச் சிமிட்டிவிடாமல்.

சனி இரவு.
ஆளுக்கொரு அலாரம் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள்.
கூடத்து இருட்டில்
கேமரா சார்ஜ் ஏறும் சிறு வெளிச்சம்.
நீலச் சேலையை ஆணியில் மாட்டியிருக்கிறேன்,
இவர் கண்ணில் படும்படி.
மாந்தளிர், எலுமிச்சைப் பைக்கு அடியில்.

பூவத்தியை நான் பார்த்ததில்லை.
உயரமா, குட்டையா, கைக்கு எட்டுமா, தெரியாது.
மேலே ஏறியதும் முதல் கழிப்பறையில்
வண்டியை நிறுத்தச் சொல்வேன்.

அப்புறம் படத்தில் தேடட்டும்.