பொருள் வழங்கு பதிவேடு

மஞ்சள் கோடு இறகுப்பந்துக்கு.
வெள்ளை கைப்பந்து. நீலம் கூடைப்பந்து.
சிவப்பு, கபடி.
பச்சை எதற்கென்று
போட்ட ஒப்பந்தக்காரருக்கே தெரியவில்லை.

பல்கலைக்கழகப் பன்னோக்கு அரங்கம்
என்கிறது வாசல் பலகை.
நவம்பரில் தேர்வுக்கூடம்.
மார்ச்சில் கறுப்பு அங்கிகளும் நீளமான உரைகளும்.
புயலடித்த வாரம்
அட்டுவம்பட்டிச் சனம்
வலைக்கம்பத்தில் சேலை கட்டி
அறை பிரித்துக்கொண்டது.
அப்போதும் எழுதினேன்:
யோகா விரிப்பு, வழங்கியது நாற்பத்திரண்டு.
திரும்பியது நாற்பத்தொன்று.
ஒன்றில் பிள்ளை பிறந்ததை எழுத
கட்டம் இல்லை.
'சேதம்' என்று போட்டேன்.

இங்கே காற்று மெலிசு.
மதுரையிலிருந்து வரும் பெண்கள்
முதல் நாள் அடிப்பதெல்லாம் கோட்டுக்கு வெளியே.
பந்தைத் திட்டுவார்கள், மட்டையைத் திட்டுவார்கள்,
என்னிடம் வந்து
'அக்கா, வேற டப்பா குடுங்க' என்பார்கள்.
அதே டப்பாவைத் திருப்பி வைத்துக் கொடுப்பேன்.
மூன்றாம் நாள்
மணிக்கட்டுக்கு மலை புரிந்துவிடும்.
அன்று மாலை அவர்களுக்குப் பேருந்து.

அந்தச் சனிக்கிழமை மட்டும் பேருந்து போகவில்லை.

இறுதி ஆட்டம் முடிந்து ஏழு மணி.
கோப்பை தமயந்திக்கு, மதுரைக்கு.
பூட்டலாம் என்று கதவுக்குப் போனால்
படியில் நிற்கிறது காட்டுமாடு.
மஞ்சுக்குள் பாதி, வெளிச்சத்தில் பாதி.
ஆட வந்ததுபோல
நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை.

வனத்துறைக்குப் போன் போட்டேன்.
'தானாப் போயிரும்.
லைட்ட அமத்திட்டு உள்ளயே இருங்க'
என்றது சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குரல்.

அமத்தினேன்.
முப்பது பெண்களும் நானும்.
தோற்ற கிளாடிஸ்,
கூக்கால்காரி, விலங்கியல் மூன்றாமாண்டு,
கூடைக்குக் கீழே தனியாக
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது
கடைசியாகத் தெரிந்தது.
பிறகு ஒன்றும் தெரியவில்லை.

யாரோ சிரித்தார்கள்.
யாரோ மெதுவாக,
மாட்டுக்குக் கேட்காத அளவில்,
கபடி கபடி கபடி என்று
இருட்டுக்குள் நடக்கத் தொடங்கினார்கள்.

எந்தக் கோட்டில் நிற்கிறோம் என்று தெரியாது.
எந்தப் பக்கம் எந்த ஊர், தெரியாது.
மூச்சு வரும் திசைதான் ஆள்.
தமயந்தியின் மூச்சு
பத்தாவது கபடியில் அறுந்து
இருமலாகி, பிறகு சிரிப்பானது.
அடுத்து வந்த மூச்சு
கூடைக்குக் கீழேயிருந்து புறப்பட்டது.
போனது.
இன்னும் போனது.
வாழைக்காட்டு வெயிலில் வளர்ந்தவர்கள்
பிடிப்பதை மறந்து
கேட்டுக்கொண்டு நின்றார்கள்.
சுவரைத் தொட்டுத் திரும்பி
என்னையும் தொட்டுவிட்டுப் போனது அது.
நாற்பத்தாறு வயதில்
நான் அவுட்.

எட்டு ஐம்பதுக்குப் படி காலி.
சாணம் மட்டும்.

திங்கட்கிழமை இயக்குநர் கேட்டார்:
இரண்டு மணி நேரம் என்ன உபயோகம்?
வழங்கிய பொருள்: இல்லை,
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்,
பா. ஜெசிந்தா.

பிறகு கண்ணாடிக் கதவைத் துடைக்கப் போனேன்.
வெளிப்பக்கம்
ஈரம் காய்ந்த மூக்குத் தடம் ஒன்று.
உள்பக்கம், அதே உயரத்தில்,
ஐந்து விரலும் விரிந்த ஓர் உள்ளங்கை.

வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தேன்.