முப்பது மீற்றர்

மாங்குளம் ஆஸ்பத்திரியில் எனக்குத் தந்த நடைபாதை
இருபத்தியாறு மீற்றர்தான்.
நெறிமுறை முப்பது கேட்கிறது.
மிச்ச நான்கை வெளியே, வேம்பின் நிழல்வரை நீட்டி
இரண்டு அந்தத்திலும்
சிவப்பு வெள்ளை நாடா ஒட்டினேன்.
கிளிநொச்சியில் வாங்கியது, சுருள் முந்நூற்றைம்பது ரூபா.

மருத்துவ உடற்பயிற்சி உடற்றொழிலியல்,
முதுமாணி, இரண்டாம் வருடம்.
"நடக்கிறதுக்கும் படிப்போ?" என்று கேட்டார்
சிற்றூழியர் அருமைத்துரை.
ஓம். இன்னும் இருபத்திமூன்று இதயங்கள் வேண்டும்.

இலக்கம் பதினேழு. ஜெயவதனி, வயது முப்பத்தொன்பது.
இதயம் விரிந்து மெலிந்தது,
நிறைவதில் நூற்றுக்கு முப்பத்தைந்துதான் வெளியே தள்ளுகிறது.
தொழில் என்ற கட்டத்தில்:
மிதிவெடி அகற்றல், ஒன்பது வருடம். இப்போது இல்லை.

சொல் மாறாமல் வாசித்தேன்:
ஆறு நிமிடத்தில் இயன்றளவு தூரம் நடக்கவேண்டும்.
மூச்சு வாங்கினால் நிற்கலாம், சாயலாம்.
இயன்றதும் மறுபடி நடக்கவேண்டும்.

போர்க் அளவுகோலை நீட்டினேன்.
ஆறில் தொடங்கி இருபதில் முடியும் தாள்.
"போருக்கும் அளவுகோல் வைச்சிருக்கினமோ?"
"இல்லையக்கா, அது ஒரு சுவீடன்காரற்ர பேர்."
"அப்ப சரி" என்று ஏழைத் தொட்டார்.

போனார், வந்தார்,
கைகள் விலாவோடு ஒட்டியபடி.
ஒவ்வொரு முறையும் நாடாவுக்கு
ஒரு முழம் முன்னாலேயே திரும்பினார்.
"கோட்டில வந்து திரும்புங்கோ அக்கா."
நெறிமுறையில் இல்லாத வாக்கியம், மூன்று தரம் சொன்னேன்.
மூன்று தரமும் "ஓமோம்."

முந்நூற்று நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.
அதில் பத்து மீற்றர் அவர் நடக்காதது.

கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தார், நாடாவைப் பார்த்தபடி.
"பத்து மீற்றரோ? முழங்காலில நிண்டு
நாங்கள் அதுக்கு ஒரு கிழமை எடுப்பம், தங்கச்சி.
உந்த நாடாவுக்கு அங்கால துப்பரவாக்கேல்லை எண்டு அர்த்தம்.
இது ஆஸ்பத்திரி எண்டு எனக்கு விளங்குது.
காலுக்கு ஆர் சொல்லுறது?"

அன்றிரவு உடலுழைப்புப் பட்டியலைப் புரட்டினேன்,
எந்த வேலைக்கு எவ்வளவு சக்தி என்று.
பனி அள்ளுதல் இருந்தது.
கோல்ப் பை சுமத்தல் இருந்தது.
ஏழு கிலோ அங்கி, முகத்தை மூடிய கவசம், பங்குனி வெயில்,
சின்னக் கத்தரியால் புல்லை
ஒவ்வொரு தாளாக நறுக்கி நறுக்கி முன்னேறல்
நான் தேடிய பக்கங்களில் இல்லை.
மண்ணைச் சுரண்டும்போது கருவி எதிலோ முட்டும் அந்தக் கணம்
நாடி எத்தனை?
பெண்ணொருத்தி மூச்சைப் பிடித்திருந்த நேரங்களைக் கூட்டினால்
எத்தனை மணித்தியாலம் வரும்?

பேராதனையிலிருந்து மின்னஞ்சல்:
பதினேழு நெறிமுறை மீறல், விலக்கிவிடவும்.
நியாயம்தான். வேறொருவரின் ஆய்வென்றால்
நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.
"மீறியது நாடா" என்று தட்டினேன், அழித்தேன்.
மறுபரிசோதனைக்கு அனுமதி கேட்டேன்.

வியாழக்கிழமை நாடாவைச் சுரண்டி எடுத்தேன்.
பசை போகவில்லை.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார் அருமைத்துரை.
விடுதி முழுக்க மணந்தது, தாதியிடம் பேச்சு வாங்கினோம்.
ஒரு அந்தத்தில் அவருடைய நீல வாளி.
மறு அந்தத்தில் என் செருப்பு.

ஜெயவதனி வாளியைச் சுற்றினார்.
செருப்பைச் சுற்றினார்.
நாலாவது சுற்றில் கைகள் வீசத் தொடங்கின.
ஐந்தாம் நிமிடம் நின்றார், வேம்பில் உள்ளங்கை ஊன்றி.
நேரமானி ஓடியது. சொல்ல எனக்கு அனுமதித்த வாக்கியங்களில்
ஒன்றும் பொருந்தவில்லை.
இலைச்சருகு ஒன்று வாளிக்குள் விழுந்தது.
பிறகு நடந்தார்.

முந்நூற்று முப்பத்தொன்று.
போனமுறையைவிடப் பதினேழு குறைவு,
ஒவ்வொரு மீற்றரும் நடந்தது.
எவ்வளவு கஷ்டம் என்றேன்.
விரல் தாளில் இறங்கி, ஏறி,
பதின்மூன்றில் நின்றது.
"அடுத்த முறையும் வாளிதானே?"

குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
திரும்புமிடம், வாளியும் செருப்பும்.
பேராசிரியர் கேட்டால் சொல்லலாம்,
செருப்பு ஆறாம் இலக்கம்.