மூன்றாவது வரி

பாலர் காப்பகத்துப் படிவத்தில்
அவசரத்துக்கு மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.
அப்பா. அம்மா. அதன்பின் ஒரு வரி.
வரியின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை:
இருபது நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர்.

விருதுநகரில் எனக்கு முப்பது பேர் தேறும்.
மதினி ஈரக்கையோடு ஓடிவருவாள்,
பெரியப்பா மகன் கல்லாவைப் பூட்டாமல் வருவான்,
ஆகாத சித்தப்பாகூட
முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுப்பார்.
கடலைக் கழித்து, விசாவைக் கழித்து,
விமானச் சீட்டு விலையையும் கழித்தால்
முப்பதில் மிச்சம் ஒன்றுமில்லை.

வரியை வெறுமையாய் விட்டுக் கொடுத்தேன்.
ஆசிரியை ஃபரிடா திருப்பி நீட்டினார்.
சிரித்துக்கொண்டேதான். ஆனாலும் நீட்டினார்.

செந்தூலில் எங்களுக்குப் பதினான்காம் மாடி.
எதிர்வீட்டு வாசலில் எப்போதும்
ஒரே ஒரு ஜோடி வேலைக்காலணி.
மின்தூக்கியில் தலையசைத்தே ஒன்பது மாதம்.
பெயர் கேட்டதில்லை.
அன்று கதவைத் தட்டிப் படிவத்தை நீட்டியபோது
மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து
நீதிமன்றக் கடிதம்போல் முழுக்கப் படித்தார்.
ஊய் கோக் லெங்.
ஊரார் கட்டடங்களில் மின்தூக்கி பழுதுபார்க்கிறார்.
எங்களுடையது நின்றுபோனால் எங்களைப் போலவே
படியேறுகிறார்.
"நான் சிகரெட் பிடிப்பேன், பரவாயில்லையா?" என்றார்.

உறவுமுறைக் கட்டத்தில் என்ன எழுதுவது?
எதிர்வீட்டுக்காரர் என்றால் கட்டம் போதாது.
மலாயில் ஜிரான் என்று எழுதினேன்.
அடங்கியது.

*

நந்தனுக்கு ஒன்றரை வயது.
காப்பகத்தில் பாலுக்குப் பெயர் சூசூ.
எங்கள் வீட்டில் சூச்சூ வேறு சமாச்சாரம்.
அவன் சூசூ, சூசூ என்று அழ அழ
நான் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடுகிறேன்.
அங்கே நின்று என்னைப் பார்க்கிறான்,
இவளிடம் என்னத்தைச் சொல்ல என்பதுபோல்.
ஐந்து வயதுச் சுடரொளிதான் மொழிபெயர்த்தாள்:
"பால் கேக்குறாம்மா, லூசு."

ஊரில் என்றால் இந்தக் கதை
விளக்கு வைப்பதற்குள் நாலு தெரு சுற்றியிருக்கும்.
மீரியில், எண்ணெய்க் கம்பெனி விடுதியில் இருக்கும்
கணவருக்கு இரவு சொன்னேன்.
அவர் சிரிப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

*

ஒரு புதன்கிழமை. இரவு மணி இரண்டு.
வெப்பமானியில் முப்பத்தொன்பது புள்ளி எட்டு.
கொதிக்கிறவனைத் தூக்கலாம்.
தூங்குகிறவளையும் சேர்த்துத் தூக்க
எனக்குக் கை இரண்டுதான்.
இரண்டாம் முறை தட்டுமுன் கதவு திறந்தது.
அரைக்கால் சட்டையோடு நின்றவர்
ஒன்றும் கேட்கவில்லை, சாவியை எடுத்தார்.
கார் முழுக்க இரும்பு வாடை,
காலடியில் சுருண்டு கிடந்தது கம்பிவடம்.

கிளினிக்கில் நர்ஸ் அவரைக் காட்டி "அப்பாவா?" என்றாள்.
இருவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம்,
தேவைக்கு அதிகச் சத்தத்தில்.
அவர் தோளில் கிடந்த சுடரொளி
எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மாமாக் கடையில்
தே தாரிக் வாங்கித் தந்தார்.
நான் அழுததை அவர் பார்க்கவில்லை.
அல்லது அதற்காகத்தான்
சிகரெட் பிடிக்க எழுந்துபோனார்.

*

டிசம்பரில் அவர் வந்து தட்டினார்.
கையில் ஒரு தாள். குடலிறக்கம், அறுவைச் சிகிச்சை.
அவருடைய படிவத்தில் ஒரே வரிதான்.
பினாங்கில் ஒரு தங்கை உண்டாம்.
பேசி ஆறு வருடமாம். அதற்குமேல் சொல்லவில்லை.
என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினார்.
திலகவல்லி. கடைசியில் ஓர் எல்லா, இரண்டா?
இரண்டு என்றேன்.
உறவுமுறைக் கட்டம் வந்தது.
பேனா நின்றது.
நானும் உதவவில்லை.

உள்ளிருந்து நந்தன் கத்தினான்: சூசூ!
பாலா, மற்றதா என்று யோசித்தபடியே ஓடினேன்.
மற்றதுதான்.
துடைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள்
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.
என்ன எழுதினார் என்று
நான் கேட்கவில்லை.