சம்மணம்

"பாடி எங்கம்மா?" என்றார் முனிராஜு,
ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே.
நான்தான் என்றேன்.
சாந்திநகரில் பஸ் இறங்கி
வில்சன் கார்டன் மின்மயானம் வரைக்கும்
குடை பிடித்து நடந்து வந்திருந்தது அது.

பேனாவை மூடிவைத்தார்.
முன்பதிவெல்லாம் கிடையாது,
இதென்ன கல்யாண மண்டபமா,
ஆதாரும் டாக்டர் சீட்டும் இருந்தால்
அன்றைக்கே ஆகிவிடும், போய்ட்டு வாங்க
என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
இந்த வாசலில் யாரும்
அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை.

உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன்.
எங்கள் வீட்டில் பெண்கள்
தெருமுனையோடு நின்றுவிட வேண்டும்.
அம்மாவை எந்தக் கதவுக்குள் வைத்தார்கள்,
எவ்வளவு நேரம் ஆனது,
எல்லாம் தம்பிக்குத்தான் தெரியும்.
கேட்டால் "நல்லபடியா முடிஞ்சுது" என்பான்
தந்தி அடிப்பதுபோல.

இன்று நானே பார்த்தேன்.
தண்டவாளம்போல் இரண்டு கம்பி.
பேக்கரி அடுப்புக்கு இருப்பதுபோல் ஒரு கதவு.
சுவரில் போன மாதத்திலேயே
நின்றுவிட்ட ஒரு காலண்டர்.
பயமாக இல்லை, கொஞ்சம் வேர்த்தது.

"உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்கா?"
வலது முட்டியில். போன தையில் வைத்தது.
"அது வேகாது. சாம்பலோட சேர்த்துக் கொடுத்துடுவோம்"
என்றார், பாக்கிச் சில்லறையை
மறக்காத கண்டக்டர் மாதிரி.

மகாந்தேஷுக்கு இந்தக் கவலை இல்லை.
அவர்கள் உட்கார்ந்தபடி போகிறவர்கள்.
உடம்பெல்லாம் விபூதி, இடது கையில் லிங்கம்.
சாமராஜ்பேட்டையில் அவர் அப்பாவுக்குப் பக்கத்தில்
இரண்டு பேருக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறார்.
இரண்டு!
முப்பத்தொரு வருஷமாக
என் தட்டில் மீன் விழுந்த நாளெல்லாம்
பால்கனிக்குப் போய்ச் சாப்பிட்ட மனுஷன்.

மடத்தில் கேட்கிறேன், தீட்சை கொடுப்பார்கள்,
அரை மணி வேலை என்கிறார்
பாஸ்போர்ட் புதுப்பிப்பதுபோல.
அதற்கில்லை, எனக்குத்தான் சம்மணம் வராதே,
இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று
டாக்டர் உங்கள் முன்னால்தானே சொன்னார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ரொம்ப நேரம் யோசித்து,
நாற்காலி போடச் சொல்லலாம் என்றார்.

எரிந்தால் எனக்கு ஸ்ரீரங்கப்பட்டணம்.
அதற்குமேல் கார் ஓட்டத் தம்பிக்கு லீவு கிடைக்காது.
அங்கிருந்து ஊர்ப்பக்கம் போவதெல்லாம்
தண்ணீர் திறந்துவிட்டால்தான்.
அந்த வழக்கில் நானும் சேர்ந்து கிடப்பேன்,
இவர் இங்கே தனியாக
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

இன்று ராத்திரியும்
செய்தி பார்த்துக்கொண்டே திவானில்
சம்மணமிட்டுத் தூங்கிவிட்டார்.
கழுத்து இடது பக்கம் சாய்கிறது,
எப்போதும் அந்தப் பக்கம்தான்.
குட்டித் தலையணையைச் செருகினேன்.
கண்ணைத் திறக்காமலே "என்ன முடிவு?" என்றார்,
நாளைக்கு அவரைக்காயா பீன்ஸா
என்று கேட்கிற குரலில்.

உள்ளே தலையணை வைக்க விடுவார்களா,
அதை முதலில்
கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.