தெளிவில்லை

மழை பெய்தால் இணைப்பு அறுந்துபோகிறது.
ஒவாகாவில் மழை பெய்யாத நாள் குறைவு.
அதனால் காரணம் மழைதான் என்று தோன்றவே
ஒரு மாதம் ஆயிற்று.

நீதிமன்ற ஒலிப்பதிவுகளைத் தட்டெழுதுகிறவள் நான்.
டனீடினிலிருந்து கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்,
மோடத்தின் பச்சை விளக்கு இமைக்கத் தொடங்கும்.
சாட்சிக் கூண்டில் வாய் திறந்தபடி
ஒருவர் நிற்பார்.

வியாழனன்று டாவிடா வந்தான்,
ஏணியோடும் ஒரு பழைய ரேடியோவோடும்.
பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
ஓட்டைக் காலுறையில் உள்ளே நடந்தான்.

இது என்னதான் செய்கிறது என்று கேட்டேன்.
"ஒன்றும் சுழியுமாய் இருப்பதை அலையாக்கும்.
வரும் அலையை மறுபடி ஒன்றும் சுழியுமாக்கும்.
ஆனால் அதற்கெல்லாம் முன்னால்
காது கொடுக்கும்."

நாலரை கிலோமீட்டர் செம்புக் கம்பி,
மறுமுனையில் இன்னொரு பெட்டி.
பேச்சைத் தொடங்குமுன் இரண்டும்
இருவருக்கும் தெரிந்த ஒன்றைப் பாடிப் பார்க்குமாம்,
எந்தச் சுருதியில் எவ்வளவு இரைச்சல் என்றறிய.
இருநூற்றுச் சொச்சம் சுருதிகள்.
அமைதியானதன் முதுகில் நிறைய ஏற்றும்,
இரைச்சலானதில் ஒன்றிரண்டு.
எதுவுமே பிடிபடாத சுருதியைச்
சும்மா விட்டுவிடும்.

"ஊகிக்காதா?"
"ஊகித்தால் உங்களுக்குக் குப்பைதான் வரும்."

பிறகு எந்த நிலையமும் கிடைக்காத இடத்தில் ரேடியோவைத் திருகி
வேலியோரம் போனான். குடையோடு நான் பின்னால்.
டிக்.
டிக்.
இன்னஸ் வீட்டு ஆட்டுக் கொட்டிலை நெருங்க நெருங்க
டிக் கொழுத்தது.
மின்வேலி. நனைந்த புல் கம்பியில் சாய்ந்து
நொடிக்கொரு பொறி.
பக்கத்திலேயே ஓடுகிறது தொலைபேசிக் கம்பி.
பேச்சின் நடுவே யாரோ விடாமல் கைதட்டுவதுபோல.
பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மோடம்
முதலிலிருந்து என்கிறது.

இன்னஸ் அரிவாளோடு வந்தார்.
புல்லுக்குத்தான்.

அன்றிரவு விளக்கு இமைக்கவில்லை.
செவ்வாயன்று அனுப்பிய கோப்பைத் திறந்தேன்.
நாற்பத்தோராம் நிமிடம்.
யாரோ நாற்காலியை இழுக்க, அதன் கிறீச்சுக்குள்
சாட்சி சொல்கிறார்: அவன் கதவைப்
பூட்டினான்.
அப்படித்தான் அடித்திருந்தேன்.
வாக்கியத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

ஆறு தடவை கேட்டேன்.
மூடினான் என்றும் இருக்கலாம்.
ஏழாவது தடவை நாற்காலி மட்டும் கேட்டது.

அழித்தேன். அடைப்புக்குறிக்குள்
என் தொழிலின் அந்த ஒற்றைச் சொல்லை இட்டேன்.
கீழே ஒரு வரி: திருத்திய பிரதி, மன்னிக்கவும்.

போய்ச் சேர்ந்தது,
வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோதே.