ஏர் எடுத்தல்

இசஃப்யோர்துரில் ஜனவரி.
மலைக்கு அந்தப் பக்கமே வந்துவிட்டுப் போய்விடுகிறது சூரியன்.
கராஜில் இரண்டு டியூப்லைட், ஒன்று கண்சிமிட்டும்.
எழுபத்துமூன்றாம் வருஷத்து ஹோண்டா
முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க
மீன்பெட்டி மேல் நிற்கிறது.

காலிப்பருக்குள் பிஸ்டன் இறுகிப்போயிருந்தது.
காற்றடித்துப் பார்த்தேன். அசையவில்லை.
சுத்தியலை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
கடைசியில் கிரீஸ் கன்னை மாட்டி அழுத்த அழுத்த
அரை மில்லிமீட்டர், இன்னொரு அரை,
பிறகு மொத்தமாக மடியில் விழுந்தது,
முகமெல்லாம் அம்மைத் தழும்போடு.

பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும்.
இறுக்கி மூடினாலும், ஹோஸின் சுவர் வழியாகக்கூட
காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.
பதினொரு வருஷம் குடித்தது
பழுப்புக் கூழாக அடியில் கிடந்தது.

மீன் ஆலையின் லேத்தில் எய்விந்துர்
புதுப் பிஸ்டன் கடைந்து தந்தான், துருப்பிடிக்காத எஃகில்.
கூலிக்கு என் பழைய பனி டயர் நான்கு.
ஜப்பானிலிருந்து வந்த ரப்பர் வளையத்துக்கு விளிம்பு சதுரம்.
பிரேக் பிடித்தால் பிஸ்டனோடு சாயும்,
விட்டால் தானாக நிமிரும்.
பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க
அதைத் தவிர உள்ளே வேறெதுவும் இல்லை.
ஸ்பிரிங் எங்கே என்று
ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

எல்லாம் பூட்டியாயிற்று. ஏர் எடுக்க வேண்டும்.
லீவர் வலது கைக்கு. என் வலது தோளை
படகின் வின்ச் என்றைக்கோ வாங்கிக்கொண்டது.
கயிறு கட்டிப் பார்த்தேன், பெல்ட் கட்டிப் பார்த்தேன்.
மூன்றாம் நாள் அக்காவுக்குப் போன் செய்தேன்.

ஸ்டெய்ன்வோர் கோட்டைக் கழற்றவில்லை.
கையுறையை மட்டும் கழற்றினாள்.
படகின் கோட்டாவை விற்றவள் அவள்.
என் கையெழுத்து இல்லாமலே செல்லும் என்று
எனக்குச் சொன்னது அவள் வக்கீல்.

"அழுத்து."
ஸ்பேனரைக் கால் சுற்று திருப்பினேன்.
"பிடி. விடாதே."
ருபார்ப் ஜாம் ஜாடிக்குள் குழாயின் நுனியில்
கொப்புளம் கொப்புளமாக வந்தது.
மூடினேன்.
"இப்போ விடு."

"மூடுறதுக்கு முன்னாடி விட்டா?"
"போனதைவிட அதிகமா உள்ளே வரும்."
"ம்."

நாற்பது தடவை இருக்கும்.
அழுத்து, பிடி, விடாதே, விடு.
பதினொரு வருஷத்தில் நாங்கள் பேசியது
இதில் பாதி இருக்காது.

நடுவில் ஒரு சொட்டு டேங்க் மேல் தெறித்தது.
அந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்.
நான் தண்ணீருக்கு ஓடினேன்.
அவள் பிளாஸ்கைத் திறந்து
காபியையே ஊற்றிவிட்டாள்.
சர்க்கரை போட்ட காபி.
துடைக்கும்போது யாரும் சிரிக்கவில்லை,
ஆனால் இரண்டு பேரும் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தோம்.

லீவர் கல்லாயிற்று.
சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், அவள் பிடித்தாள்.
கலங்கிக் கிடந்த கம்பிகள்
சட்டென்று ஒவ்வொன்றாகத் தெரிந்தன.
"மே மாசம் வரைக்கும் ரோடெல்லாம் பனிதானே" என்றாள்,
கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.

காலையில் லீவர்
ஹாண்டில்பார் வரைக்கும் மெத்தென்று வந்தது.

ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ தாளை ஒற்றிப் பார்த்தேன்.
எங்கும் கசிவில்லை. தாள் வெள்ளையாகவே இருந்தது.
கடைசித் தடவை நான்தான் மூடப் பிந்தினேனோ,
அவள்தான் ஒரு நொடி முந்தி விட்டாளோ.
தெரியாமல் விட்டாளா என்பது
டிஷ்யூ தாளில் தெரிகிற விஷயமில்லை.

ஜாம் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
டப்பாவில் பாதி ஆயில் மிச்சம் இருக்கிறது.
திறந்த டப்பாவை ரொம்ப நாள் வைக்கக் கூடாது.